பேச்சு போன இடம்

சின்னவளுக்கு எதன் மேலும் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதுதான் அவள் பிறந்த வீட்டின் தீராத கவலை.

வீட்டில் பெண்கள் இரண்டு பேர். பெரியவளுக்கு மிருகங்கள் என்றால் உயிர். ஆறு வயதில் ஒரு நொண்டி நாய்க்குட்டியைச் சட்டைக்குள் ஒளித்து வகுப்பறைக்கே கொண்டுபோனவள். அன்றைக்குக் கிளம்பியவள் அங்கே இங்கே திரும்பாமல், விட்ட அம்பு மாதிரி நேராகப் போய் மிருக வைத்தியராகி நின்றாள். சின்னவள் கதை வேறு. தையல் வகுப்பில் சேர்ந்தாள். துணியைக் குறுக்காக வெட்டினால் ஏன் இழுபடுகிறது என்று தெரிந்ததும் நின்றுவிட்டாள். பூக்கடையில் வேலைக்கு இருந்தாள். வெட்டிய பிறகும் சில மொட்டுகள் விரிகின்றன, சில மூடியபடியே கருகிவிடுகின்றன, அது ஏன் என்று கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தலைவலி வந்தது. பெயின்ட் கடைதான் அதிக நாள் தாங்கியது. ஒரே டப்பா வெள்ளை ஒரு வீட்டில் மஞ்சளடித்தும் இன்னொரு வீட்டில் நீலம் பாய்ந்தும் தெரிவதன் சூட்சுமம் பிடிபட வெகுநாளாயிற்று. பிடிபட்டது. அந்த வேலையும் போயிற்று.

"நுனிப்புல் மேயற மாடு. வயிறும் ரொம்பாது, வயலும் மிஞ்சாது" என்பாள் அம்மா.

பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள். உனக்கு உள்ளுக்குள்ளே எது பிடிக்கும் என்று பார், அதைப் பிடித்துக்கொள், அது உன்னைக் கரைசேர்க்கும். சின்னவளும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீர் வரவேண்டும். இவள் விட்ட வாளி வெறும் தரையில் மோதி டங்கென்றது. மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் விட்டுப்போயிற்று என்று முடிவுகட்டி, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

வாழ்க்கைப்பட்ட வீட்டில் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பேச்சில் சிக்கனம், ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்கமாட்டான். அந்த வீட்டுக்குப் பங்காக வந்த பேச்சு முழுவதையும் அவனுடைய அப்பா ஒருவரே வாங்கிக்கொண்டுவிட்டார் என்று மாமியார் சொல்வாள். அவர் பழைய சாமான் ஏலக்கூடத்தில் ஏலம் விட்டவர். ஒரு கால் உடைந்த நாற்காலியை "மூணே கால்ல நிக்கிற அதிசயம்" என்று சொல்லி விற்றவர். ஓய்வு பெற்ற பிறகு வீடே அவருக்கு ஏலக்கூடமாயிற்று. காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார். படித்த செய்திக்கு அவரே பதிலும் சொல்வார்.

மருமகள் வந்த புதிதிலேயே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார். "நம்ம பத்து தொழிலு இன்னிக்கு எந்தக் கடைக்குக் கெளம்புது?" வந்த விருந்தாளிகள் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். மாமனார் மேல் அவளுக்குப் பாசம் பொங்கி வழிந்தது என்று சொன்னால் அது பொய்.

பெயின்ட் கடையை விட்டு நின்ற கொஞ்ச நாளில், ஒரு காலை, ஏலக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மந்திரி ஒருவரை வாய்க்கு வந்தபடி விமரிசித்துக்கொண்டிருந்தவருக்கு வாக்கியத்தின் நடுவே நாக்கு குழறியது. கையிலிருந்த டீக்கோப்பை சாய்ந்தது. "என்னப்பா?" என்று மகன் எழுந்து வருவதற்குள் அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்திருந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வலதுகால் மெல்ல வழிக்கு வந்தது. வலதுகை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வெளியே வரும் பாதைதான் அடைபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

முற்றிலும் ஊமையாகிவிடவில்லை அவர். ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது: "போகட்டும்."

டீ வேண்டுமா என்றால் "போகட்டும்." ஜன்னலைச் சாத்தவா என்றால் "போகட்டும்." பாத்ரூம் போகவேண்டும் என்பதற்கும் அதுதான், அதில் மட்டும் அர்த்தம் ஓரளவு பொருந்திவந்தது. கோபமாகச் சொல்வார், கெஞ்சிச் சொல்வார், கண்ணில் நீர் முட்டச் சொல்வார். சொல் மாறாது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணன் ஞானியாயிட்டாரு" என்றார்.

"ஆமா" என்றாள் மாமியார். "கட்டின நாள்லேருந்து ஒரு பேச்ச விட்டுக்கொடுத்ததில்ல. இப்ப எல்லாத்துக்கும் போகட்டுமாம். இந்தப் புத்தி அப்பவே வந்திருந்தா நான் எவ்வளவோ நிம்மதியா இருந்திருப்பேன்." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள்.

மகன் வேலைக்குப் போகவேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள் சின்னவள் ஒருத்திதான். யாரும் கேட்கவுமில்லை, இவள் ஒப்புக்கொள்ளவுமில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதுபோல அந்தப் பொறுப்பு அவளிடம் வந்து தேங்கியது. சட்டை மாட்டிவிட்டாள், கையைப் பிடித்து நடத்தினாள், மாத்திரை கொடுத்தாள். முகம் சுளிக்காமல் செய்தாள். மனம் ஒட்டிச் செய்தாள் என்று சொல்வதற்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்திலிருந்த பழைய அலமாரியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று கணவன் அதை இழுத்து நடுவில் நிறுத்தினான். ஏலக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அலமாரியைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. இடதுகையால் பக்கத்து மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

மணி அடித்ததுபோல் சுத்தமான குரல். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கணவன் அலமாரியை அப்படியே விட்டான். அது அவன் கால்விரல்மேல் இறங்கியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. மாமியார் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"பேசிட்டாரு! என்னங்க... இன்னொரு தடவ சொல்லுங்க. என் பேரச் சொல்லுங்க, பாப்போம்!"

ஏலக்காரர் அவளைப் பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"போகட்டும்."

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். கணவன் குனிந்து கால்விரலைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியது விரல் வலியால் என்று வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. வீடு மறுபடி முகம் தொங்கிப்போயிற்று.

சின்னவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குத் துக்கம் வரவில்லை. அதற்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டதுண்டு. அந்த நேரத்தில் அவள் நினைத்தது ஒன்றே ஒன்று: பாதை அடைபட்டுவிட்டது என்றால், இந்த ஏலக் கூவல் மட்டும் எந்தப் பக்கமாக வந்தது?

பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கேள்வி சிக்கிக்கொண்டது. பாத்திரம் துலக்கும்போது நாக்கு அங்கேதான் போயிற்று. துணி மடிக்கும்போதும் அங்கேதான்.

மறுநாள் காலை அவருக்குக் காலுறை மாட்டிவிடும்போது, யதேச்சையாகச் சொல்வதுபோல, "ஒண்ணு, ரெண்டு..." என்று இழுத்தாள்.

"மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு..." என்று அவர் கிளம்பிவிட்டார். சறுக்குமரத்தில் சறுக்கும் குழந்தைபோல நிறுத்த முடியாமல் போய்க்கொண்டே இருந்தார். அவள் கையைப் பிடித்துத்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

மூன்று விரலைக் காட்டி, "இது எத்தனை மாமா?" என்றாள்.

"போகட்டும்."

திங்கள் என்று ஆரம்பித்துக் கொடுத்தால் ஞாயிறுவரை வந்தது. இன்று என்ன கிழமை என்றால் வரவில்லை. ஒரு நாள் கதவு நிலையில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். அப்போது அவர் வாயிலிருந்து புறப்பட்ட வசவு, அச்சில் ஏற்றமுடியாத ஒன்று, தெருமுனைவரை தெளிவாகக் கேட்டது.

"அது மட்டும் பத்திரமா இருக்கு பாரு" என்றாள் மாமியார்.

"அத்தை, அதான் கேக்கறேன். திட்டு வருது, எண்ணிக்கை வருது, ஏலம் வருது. உப்புன்னு ஒரு வார்த்தை வரல. ஏன்?"

"எனக்கு என்னம்மா தெரியும்? உப்புக்கு ஏலம் விட்டதில்ல, அதனாலயோ என்னமோ!"

எரிச்சலில் சொன்னதுதான். சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் மேசையில் வைத்து, ஏலக்கூடத்துக் குரலில், "தண்ணி ஒரு தரம்! தண்ணி ரெண்டு தரம்!" என்றாள்.

அவர் கண் சுருங்கியது. கை மேசையைத் தட்டியது. "தண்ணி மூணு தரம்!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். ஏலம் எடுத்த பொருளை வாங்கிக்கொள்வதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். ஒன்று பலித்ததும் அவளுக்குக் கை நிற்கவில்லை. சீப்பு ஒரு தரம், செருப்பு ஒரு தரம், சாவி ஒரு தரம். காலையில் தொடங்கினால் மதியம்வரை. வருமா வராதா, இது வந்தால் அது ஏன் வரவில்லை, வேகமாகச் சொன்னால் என்ன, மெதுவாகச் சொன்னால் என்ன என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவர் வியர்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். ஆனால் அதையும்கூட, எந்தச் சொல்லுக்கு அதிகம் வியர்க்கிறது என்றுதான் பார்த்தாள். ஒரு நாள் "கண்ணாடி" வரவில்லை. இன்னொரு முறை, மாமா. இன்னும் ஒரே முறை. அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துச் சுவரில் வீசினார். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஏலக்கூடத்தை ஆண்ட அந்த மனுஷர், விசும்பி விசும்பி அழுதார்.

மாமியார் வந்தாள். உடைந்த சில்லுகளைப் பார்த்தாள்.

"அவர் என்ன உன் கைப்பொம்மையா? சாவி கொடுத்தா ஆடுறதுக்கு?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அதனால் இன்னும் தைத்தது.

சின்னவள் சில்லுகளைப் பொறுக்கினாள். அன்று முதல் ஏலத்தை நிறுத்திவிட்டாள். பட்டப்பெயர் வைத்து அவர் விருந்தாளிகளைத் தன்னைப் பார்த்துச் சிரிக்கவைத்த நாட்களுக்கும், தான் அவரைப் பாடாய்ப்படுத்திய நாட்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மாத்திரை கொடுத்தாள், நடத்தினாள், வாயைத் திறக்கவில்லை. வீடு மிகவும் அமைதியாக இருந்தது. யாருக்கும் பிடிக்காத அமைதி.

சில நாள் கழித்து, அவள் துணி உலர்த்திவிட்டு வரும்போது மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏலக்காரர் உட்கார்ந்திருந்தார். தன் முன்னால் ஒரு டம்ளரையும், ஒரு சீப்பையும், எங்கிருந்தோ தேடி எடுத்த ஒரு வெங்காயத்தையும் வரிசையாக வைத்திருந்தார். அவளைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார்.

"போகட்டும்?" என்றார். அது கேள்வி என்பதில் சந்தேகமே இல்லை.

அவள் உட்கார்ந்தாள். "எப்போ போதும்னு நெனைக்கிறீங்களோ அப்போ இந்த டம்ளரைக் கவுத்துடுங்க மாமா. நான் எழுந்து போயிடறேன்."

அன்று அவர் டம்ளரைக் கவிழ்க்க வெகுநேரமாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அதுதான் ஒப்பந்தம். சில நாள் உட்கார்ந்த உடனேயே கவிழ்ப்பார். அவள் எழுந்து போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைப் பேச்சு டீச்சர் என்றார்கள். அடுத்த தடவை மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனபோது, டீச்சரிடம் சின்னவள் ஏலக் கதை முழுவதையும் சொன்னாள். எண்ணிக்கை, கிழமை, வசவு எல்லாவற்றையும் சொல்லி, மூச்சு வாங்க நிறுத்தினாள். உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது; இப்படி ஒன்றை யாருமே பார்த்திருக்கமாட்டார்கள் என்று.

பேச்சு டீச்சர் சிரித்தார். "நல்லா கவனிச்சிருக்கீங்க. ஆனா இது புதுசில்லம்மா. உங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. மனப்பாடமா சொல்றது, திட்டறது, பாடறது, இதெல்லாம் நாமளா யோசிச்சுப் பேசற பேச்சு மாதிரி இல்ல. வேற தடத்துல வருது."

வேறொருத்தியாக இருந்தால் சுருதி இறங்கியிருக்கும். சின்னவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பல்லில் சிக்கிய அதே நார் எத்தனையோ பேருடைய பல்லில் சிக்கியிருக்கிறது! அதையே நோண்டிக்கொண்டு ஆட்கள் ஆயுசையே கழித்திருக்கிறார்கள்!

"அப்போ வசவு எந்தத் தடம், பாட்டு எந்தத் தடம்? ரெண்டும் ஒண்ணா?"

பேச்சு டீச்சர் தெரிந்ததைச் சொன்னார். அடுத்த கேள்விக்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கு, "அது எனக்குத் தெரியாதும்மா. முழுசா தெரிஞ்சவங்க யாரும் இருக்கறதா எனக்குத் தோணல" என்றார். சின்னவள் எழுந்துகொள்கிற வழியாக இல்லை என்று கண்டு, "வியாழக்கிழமை இங்க இவங்க எல்லாரையும் ஒண்ணா உக்காரவெச்சுப் பேசவைக்கிறோம். உங்க மாமாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்களும் சும்மா உக்காந்து பாருங்க" என்றார்.

வியாழக்கிழமை அறையில் வட்டமாக நாற்காலிகள். ஏலக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேங்க் மேனேஜர். அவர் இடதுகையால் முத்து முத்தாக ஒரு வாக்கியம் எழுதுவார். எழுதிய தாளை அவரிடமே நீட்டினால், வேற்று நாட்டு எழுத்தைப் பார்ப்பதுபோல விழிப்பார். தான் எழுதியதைத் தானே படிக்க முடியாது. எதிரே ஒரு பேக்கரி அம்மாள். அவளுக்குப் பேச்சு அருவிமாதிரி கொட்டும். ஏற்ற இறக்கம், கையாட்டம், நடுவில் சிரிப்பு எல்லாம் கச்சிதம். வார்த்தைகள் மட்டும் எந்த அகராதியிலும் இல்லாதவை. தான் தெளிவாகப் பேசுவதாகவும், மற்றவர்களுக்குக் காது மந்தம் என்றும் அவளுக்கு உறுதியான எண்ணம். ஏலக்காரர் அவள் பேசியதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "போகட்டும்" என்றார். அவளுக்கு அந்தப் பதில் மிகவும் திருப்தியாக இருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் சின்னவளுக்கு இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போயிற்று. மாமனார்தான் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினார்.

அந்த அறைக்குப் போவதை அவள் விடவில்லை. மாமனாருக்குச் சளி பிடித்த வாரம் தனியாகவே போனாள். நாற்காலி எடுத்துப்போட்டாள், படச்சீட்டு அடுக்கினாள், பேக்கரி அம்மாளை வாசல்வரை கொண்டுவிட்டாள். கொஞ்ச நாளில் அங்கே உதவியாள் வேலை ஒன்று காலியாயிற்று. பேச்சு டீச்சர் கேட்டார்; இவள் சரியென்றாள். பெயின்ட் கடையைவிடச் சம்பளம் குறைவு. அம்மா போனில், "பதினோராவது தொழிலா?" என்றாள்.

பெரியவளைப் பார்க்கப் போனபோது அவள் கிளினிக்கைக் கழுவிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வெகுநாளாக வைத்தியம் பார்த்த ஒரு கிழட்டு நாய் அன்று மதியம் இறந்துபோயிருந்தது.

"கடைசியில உனக்குப் பிடிச்சது கெடைச்சிடுச்சாடி?" என்றாள் பெரியவள்.

சின்னவள் யோசித்தாள். வாயில் ஆமாம் என்றுதான் வந்தது. பொய்யாகிவிடும் என்று விழுங்கினாள். "பிடிச்சிருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலக்கா. சில நாள் அலுப்பா இருக்கு. எச்சி தொடைக்கணும், கோவப்படுவாங்க, திட்டுவாங்க. ஆனா அந்த பேக்கரி அம்மா போன வாரம் நடுவுல ஒரு சரியான வார்த்தை சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு. அது எப்படி வந்துச்சு? அடுத்த வாரம் வருமா? அது தெரியாம என்னால இருக்க முடியல. அவ்வளவுதான்."

பெரியவள் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் ஒவ்வொண்ணு சாகும்போதும் என்னால எழுந்திருக்க முடியல" என்றாள். சின்னவள் ஒரு படி மேலே ஏறி அவளருகே உட்கார்ந்தாள். அக்காவைப் பார்த்து இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினாளோ அதற்குள் இப்படியும் ஒரு வலி இருந்திருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

உதவியாளாகவே இருந்தால் கதவுக்கு வெளியேதான் நிற்கவேண்டும்; உள்ளே நடப்பது முழுவதும் புரியவேண்டுமானால் படிக்கவேண்டும் என்றார் பேச்சு டீச்சர். முப்பத்தைந்து வயதில் சின்னவள் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் மீசை அரும்பாத பையன்களும் கலர் பேனா வைத்திருக்கும் பெண்களும். முதல் நாள் அவளை வாத்தியார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். நரம்பு, தசை, எலும்பு பாடத்தில் அவள் பரீட்சை தவறினாள். தவறியதும் பழைய பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது: இதுவும் பாதியில் நிற்கப்போகிறது.

"விட்டுடட்டுமாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

அவன் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ விட்டதெல்லாம் எப்ப விட்ட?"

"எப்பன்னா?"

"அதுல தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்லன்னு ஆனதும் விட்ட. இதுல இல்லன்னு ஆயிடுச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

"அப்புறம் என்ன" என்றான் அவன். அந்த மாதத்துக்கான பேச்சை அவன் அன்றே செலவழித்துவிட்டதால், மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டான். சின்னவள் எலும்புப் பாடத்தை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை தேறினாள், மயிரிழையில்.

ஏலக்காரர் பழையபடி பேசினாரா என்றால், இல்லை. தண்ணீர், வெங்காயம், போதும், வலி, பஸ் என்று கைவிரல் அளவுக்கு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிறு பெட்டி நிறையும் அளவுக்கு வார்த்தைகள் சேர்ந்தன. முதலில் ஏலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவை, பிறகு தனியாக நடக்கப் பழகின. சில நாள் வந்தன. சில நாள் வரவில்லை. ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"உப்பு... இல்ல."

யாரும் ஆரம்பித்துக் கொடுக்கவில்லை, யாரும் தட்டவில்லை. மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றாள். "எத்தனை மாசம் கழிச்சு எங்கிட்ட வாயத் தெறக்கறாரு, சொன்னத பாத்தியா!" என்று மருமகளிடம் முறையிட்டாள். முறையிட்டவள் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுவதும், "வேற என்ன இல்ல, சொல்லுங்க. தைரியமா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சின்னவள் படிப்பை முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். இரண்டாவது அடைப்பு, தூக்கத்திலேயே. வியாழக்கிழமை வட்டத்திலிருந்து பேங்க் மேனேஜர் வந்து, தன்னால் படிக்கமுடியாத ஒரு அனுதாபக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து அழகாக இருந்தது. சின்னவள் அழுதாள். கல்யாணமான புதிதில் அவர் போயிருந்தால் இந்த அழுகை வந்திருக்காது என்பது அவளுக்கே தெரியும்.

படிப்பு முடிந்து அவளுக்கென்று ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். மேசை, இரண்டு நாற்காலி, கை கழுவ ஒரு தொட்டி. முதலில் தனியாக ஒப்படைக்கப்பட்டவள் பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பெண். நாளெல்லாம் கூட்டத்தை அதட்டி ஏற்றி இறக்கியவள். அடைப்பு வந்த பிறகு அவமானத்தில் வாயையே திறப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் அவள் வீட்டுக்குப் போனாள். படம் காட்டினாள், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எண்ணிக்கை ஆரம்பித்துக் கொடுத்தாள், அவள் முறைத்தாள். மாமனாருக்குத் திறந்த சாவி எதுவும் இந்தப் பூட்டில் சேரவில்லை. மூன்றாவது தடவை போனபோது சின்னவள் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, பேசாமல் கலைத்துப் போட்டாள்.

கண்டக்டரம்மாள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

முதல் ஆட்டத்தில் சின்னவள் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். மூன்றாவது ஆட்டத்தின் நடுவே, ஏற்கெனவே கீழே போட்ட ராணி எதிராளி கையிலிருந்து மறுபடி இறங்குவதைக் கவனித்தாள்.

"என்னம்மா இது? இந்த ராணி எப்படி உங்க கைக்குத் திரும்ப வந்துச்சு?"

கண்டக்டரம்மாள் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது.

"சும்மா!" என்றாள்.

கதவோரம் நின்றிருந்த அவள் புருஷன் ஒரு எட்டு உள்ளே வந்துவிட்டான். சின்னவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சீட்டுகளைச் சேர்த்துக் கலைக்கத் தொடங்கினாள். வாயில் ஒரு வார்த்தை இல்லாமல் இத்தனை நேர்த்தியாக ஒரு மனுஷியால் ஏமாற்ற முடிகிறதே, அது எப்படி என்று திங்கட்கிழமை பேச்சு டீச்சரிடம் கேட்கவேண்டும். அதற்குள் இந்த ஆட்டத்திலாவது ஜெயிக்கவேண்டும். ஜெயிக்கவில்லை. அந்த ராணி மறுபடி எங்கே போயிற்று என்பதை அன்று மாலைவரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.